அப்பாவின் பையில் இருந்த பூசணி விதை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் தொட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை, நலமாகிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எனக்கும் பேச ஆரம்பித்தால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் சலவைக்கடையில் மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ரசீதுப் புத்தகத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பார்சல் போன மாதமும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் உன் கையெழுத்தில் சீட்டு. பாதாம், ஊறவைத்துச் சாப்பிடவும். வால்நட், மூளைக்கும் இதயத்துக்கும். ஆளி விதை, பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழுசாக விழுங்கினால் வந்த வழியே போய்விடும். பூசணி விதை, அப்பாவுக்கு மட்டும், அதற்கு அடிக்கோடு வேறு. இத்தனை வேலைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே என்று மனசு குளிர்ந்தது, ஆனால் அதில் ஒன்றையும் அப்பாவுக்குக் கொடுக்க முடியாது. ஏனென்றால் உனக்குத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் எட்டு மாதமாக இருக்கிறது. அப்பாவின் சிறுநீரகம் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை. பயப்படாதே, முழுவதும் படி. மாத்திரை, உப்பில்லாச் சமையல், மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை என்று ஓடுகிறது. டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "வாலுகிட்ட மூச்சு விடாதே, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா." நானும் தலையாட்டினேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், ஒரு தாள் கொடுத்தாள். அதில் கொட்டைகள், விதைகள் என்ற வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டாள். எம் பொண்ணு இதயத்துக்கு நல்லதுன்னு அனுப்புறாளேம்மா என்று கேட்டேன். "நல்லதுதாம்மா, உங்களுக்கும் நல்லது, உங்க பொண்ணுக்கும் நல்லது. நல்ல கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் எல்லாம் இருக்கு. ஆனா பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். நம்ம சிறுநீரகம் மிச்சத்தை வெளிய தள்ளிடும், இவருக்குத் தள்ள முடியாது, ரத்தத்துலயே தங்கிக் கடைசியில இதயத்துல கை வச்சிடும்" என்றாள். அன்றிலிருந்து நீ அனுப்பியதை எல்லாம் கடைக்குக் கொண்டுவந்து பங்கு போட்டுவிட்டேன், போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே இஸ்திரி போடுகிறவர் ஆளி விதைப் பொடியால் இருபது வருஷ மலச்சிக்கல் தீர்ந்தது என்று உன்னை வாழ்த்தாத நாளில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனார். உச்சியில் மோட்டார் அறையில் ஸ்பானரைப் பிடித்த கை அப்படியே துவண்டு, காலும் நிற்காமல் சரிந்துவிட்டார். லிஃப்டைத்தான் கழற்றிப் போட்டாயிற்றே, கூட வேலை செய்கிறவர் ஆறு மாடியும் முதுகில் சுமந்து இறக்கினார், அவர் நன்றாயிருக்க வேண்டும். பொட்டாசியம் ஏறிக்கிடக்கிறது என்று ஊசிக்குமேல் ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார் டாக்டர். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று என்னைத்தான் கேட்டார். காயைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கிறவள் நான், கூனிக்குறுகிப் போனேன்.

மறுநாள் அவரைச் சுமந்து இறக்கியவர் அப்பாவின் கருவிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் திருப்புளிகளுக்கு அடியில் உன் சீட்டு ஒட்டிய பூசணி விதைப் பொட்டலம், பாதி காலி. பக்கத்தில் பாதாம், நான் கடைக்குக் கொண்டுபோகும் முன்பே எடுத்து ஒளித்திருக்கிறார். படுத்திருக்கிற மனுஷன் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஞாயித்துக்கிழமையானா போன்ல, விதை சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்குறா. எனக்கு அவகிட்ட பொய் சொல்ல வரல. தினம் நாலு வாயில போட்டுக்கிட்டா, ஆமாம்மான்னு நிஜமாவே சொல்லிடலாம்னு பாத்தேன்." நாலா என்று கேட்டேன். "நாலு பிடி" என்றார். எட்டு மாதம் வியாதியையே மூடி மறைத்த ஆளுக்கு ஒரு பிடி விதையில் பொய் வரவில்லையாம். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. உனக்கு எப்போதும் ரத்தம் குறைவு, எள்ளும் பூசணி விதையும் நீ சாப்பிடு, உப்புப் போட்டு வறுத்தது வேண்டாம், ஒரு பிடிக்குமேல் போகாதே. இங்கே மட்டும் இனி அனுப்ப வேண்டாம். இப்போது பொட்டாசியம் அளவு இறங்கியிருக்கிறது, மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்திகரிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை என்கிறார்கள். வீட்டுக்குள் நடக்கிறார், கொடுத்ததைச் சாப்பிடுகிறார், எதற்கும் என்னோடு சண்டை போடுவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. காலையில் அவர் குடிக்கும் தண்ணீரை அளந்து வைத்து, இரண்டு சமையல் முடித்து, கடையில் எட்டு மணி நேரம் நின்று திரும்பினால் என் கால் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல், நோய்நொடி அண்டாமல் வாழவேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இது கிடைத்ததும் வீட்டுக்குப் பேசாதே, மதியம் கடை போனுக்குக் கூப்பிடு, நினைவிருக்கட்டும். வருஷா வருஷம், லீவை வீணாக்காதே, வரவேண்டாம், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று எழுதுகிறவள் நான். இந்தத் தடவை வா. பத்து நாள் அந்த மாத்திரை டப்பாவை நீ பார்த்துக்கொள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் தூங்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா