யோர்க்டவுணில் சரணடைந்தவர்கள்

லாச்சப்பல், பாரிஸ்
ஒக்ரோபர் 2013

அன்பின் மார்கிரட்டுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறேன். உமது முழங்கால் நோ குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளி லோறன்ஸ் அண்ணையோடு ஒரு விழாவுக்குச் சமைக்கப் போனேன். இருநூறு வருடங்களுக்கும் மேலே முன்னம் அமெரிக்காவில், யோர்க்டவுணில், வாஷிங்டனின் படையும் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயரைச் சுற்றிவளைத்த சண்டையை நடித்துக் காட்டினார்கள். தோற்ற தளபதி சுகமில்லையென்று சொல்லி, சரணடைய வேறொருவரை அனுப்பினாராம்! ஆங்கிலேயராக நடித்த சிவப்புச் சட்டைக்காரர்கள் துவக்குகளைக் குவித்துவிட்டு நேரே எங்களிடம் சாப்பிட வந்தார்கள். ஒருவர் மூன்று தரம் றோல்ஸ் கேட்டார். எனக்குச் சிரிப்பு.

"சரணடைந்தவர்களைப் பிறகு என்ன செய்தார்கள்?" என்று அவரிடம் கேட்டேன்.

"சிறை வைத்தார்கள். சமாதானம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்."

எல்லோரையுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன் போல. லோறன்ஸ் அண்ணை கையைப் பிடித்து, "விடடாப்பா, அந்தாள் சாப்பிடட்டும்" என்றார்.

நாலு வருடத்துக்கு முன் அங்கே யுத்தம் முடிந்த அன்று மகன் ஜெறோமை நீர் இராணுவத்திடம் ஒப்படைத்ததில் பிழையே இல்லை, மார்கிரட். விட்டுவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, யாரும் வந்தால் கொடுத்துவிடும். இங்கே சப்பாத்து மலிவாகப் போட்டிருக்கிறார்கள். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது ஜெறோம் சின்னப் பிள்ளை. அவனுடைய கால் அளவு என்னவென்று எழுதும்.

வேலைக்கு நேரமாகிறது.

உமது
அல்போன்ஸ்