அறுத்த துப்பாக்கியும் என் கல்யாணப் பட்டும்

என் ஒரே அண்ணனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் முந்திக்கொண்டது. செத்தவர்களைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்கிறார்கள். உன்னைப் பற்றி உன்னிடமே பேசினால் என்ன தப்பு?

உன் காரியம் முடிந்து அண்ணி பரணைச் சுத்தம் செய்தாள். அந்தத் துப்பாக்கி கிடைத்தது. "இத இன்னா பண்றது?" என்று கேட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது.

படவேடு ஆடித் திருவிழாவில் பலூன் சுடும் கடை போட நீ வாங்கிவந்தது. கதவுத் தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளினால் ரவை ஏறும். வாங்கிய கையோடு ரம்பத்தால் குழலை ஒரு சாண் நீளம் கோணலாக அறுத்தாய். பிறகு யார் சுட்டாலும் ரவை இடப்பக்கம்தான் ஓடும். ஒழுங்காகத் தப்புகிறதா என்று பார்க்க, நம் சேவூர் வீட்டுக்குப் பின்னால் தினமும் என்னைத்தான் சுடச் சொன்னாய். எவ்வளவு தப்பும் என்று எனக்கு அத்துப்படி ஆனது அப்படித்தான்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதற்கென்று நானே நெய்து பெட்டியில் வைத்திருந்த அரக்குப் பட்டுப் புடவையை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போய் முதல் பரிசாகத் தொங்கவிட்டாய். "எவனும் அடிக்க மாட்டான். திருநா முடிஞ்சதும் அப்படியே எடுத்தாந்துர்றேன்" என்று அம்மாவிடம் சொன்னாயாமே. என்ன தைரியம் உனக்கு!

பஸ் பிடித்து வந்தேன். காசு கொடுத்து, எல்லாரையும் போல வரிசையில் நின்றேன். தொடர்ந்து மூன்று பலூன் உடைத்தால் பட்டு. உடைக்க வேண்டிய பலூனுக்கு வலப்பக்கத்துப் பலூனைக் குறிபார்த்தேன். மூன்றும் உடைந்தன. கூட்டம் விசிலடித்தது.

"வீட்டு ஆளுங்களுக்குப் பரிசு கெடையாது. போய் அம்மாகிட்ட இரு" என்றாய்.

"யோவ், தங்கச்சிக்குக் குடுக்க உனக்கு இன்னாய்யா நோவுது?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். நீ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

எனக்குப் பின்னால் நின்ற செய்யாற்று ஆள் என் குறியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனும் ஒரு பலூன் தள்ளிக் குறிபார்த்தான். அவனுக்கும் மூன்றும் உடைந்தன. கூட்டம் உன்னைச் சூழ்ந்துகொண்டது. எனக்குத் தராத புடவையை அவனுக்கு மடித்துக் கொடுத்தாய்.

பெரியம்மாவின் பழைய புடவையில், பாச்சா உருண்டை நாற்றத்தோடு மணையில் உட்கார்ந்தேன். "இதுவும் நல்லாத்தான் கீது" என்றாயே, வாய் எப்படி வந்தது? அந்த ஆளை ஒரு தடவையாவது தேடிப் போனாயா?

துப்பாக்கியைக் காயலான் கடையில் போடச் சொல்லிவிட்டேன். அண்ணி பாவம், அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனாள்.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. நான் போகும் நாளில் பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு புடவையை நீதான் கொண்டுவந்து என்மேல் போர்த்த வேண்டும். அன்றைக்காவது உன்னிடமிருந்து வாங்கிவிடலாம் என்று இருந்தேன். அதற்கும் முந்திக்கொண்டு போய்விட்டாயே, பாவி!

உன் மகன் போர்த்துவான். ஆனாலும் கணக்குத் தீராது. அங்கே வந்ததும் முதலில் உன் கையைத்தான் பார்ப்பேன். வெறும் கையாக இருந்தால் பேச மாட்டேன், இது சத்தியம்.

ஜெயித்தும் பரிசு வாங்காத
உன் ஒரே தங்கை