படத்தில் விழுந்தவன்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் பதிலில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. குட்டிக்கு இருமல் நின்றதா? ஜன்னலைச் சாத்திப் படுக்கவை, ஆனால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஆரம்பித்தால் நீ பாதியிலேயே டிக்கெட் போடக் கிளம்பிவிடுவாய். அதனால் எங்கேயாவது உட்கார்ந்து, முழுவதும் படித்துவிட்டுப் பிறகு பதறு.

ரிட்டயர் ஆனதிலிருந்து நான் கேமராவும் கையுமாக அலைவது உனக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏரிக்கரை பஸ்ஸில் நானும், பை தூக்கிக்கொண்டு உன் அப்பாவும். எங்கள் போட்டோ குழுவில் ஒருவர் எங்கே போனாலும் மூன்று கால் கேமரா ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு வருவார், அவருக்கு முக்காலி என்று பெயர் வைத்திருக்கிறோம், அவரும் சில நாள் சேர்ந்துகொள்வார். ஆயுசில் பாதியை எக்ஸ்ரே அறையில் மனுஷர்களை நிற்கவைத்து, மூச்சைப் பிடியுங்கள், ஆடாதீர்கள் என்று சொல்லியே கழித்தவள் நான். இனிமேல் மனுஷ வாடையே இல்லாமல் படம் எடுக்க வேண்டும் என்பது என் வீம்பு. தண்ணீர், நாணல், சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், இவ்வளவு போதும். யாராவது குறுக்கே வந்து விழுந்தால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தேய்த்து அழித்துவிடுவேன். ஆளை அழித்த படத்தை வைத்துக்கொண்டு, முதலில் எடுத்த படத்தை இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுவேன். குழுவில் என் ஏரிப் படங்களுக்குத் தனி மரியாதை. எப்படி உங்களுக்கு மட்டும் ஆளே இல்லாத ஏரி கிடைக்கிறது என்று முக்காலி ஆற்றாமையோடு கேட்பார், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

போன வருடத்திலிருந்து ஒரு தொந்தரவு. அக்கரையில், ஆழம் இறங்காதே என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நிற்க ஆரம்பித்தான். நான் கேமராவைத் தூக்குகிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவான். வெறும் கண்ணுக்குப் புள்ளி மாதிரிதான் தெரிவான், படத்தில் ஒரு விரல் நகம் அளவு இருப்பான். எனக்கு எரிச்சலாக வரும். இவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, நட்ட கம்பம் மாதிரி வந்து நிற்கிறானே என்று திட்டிக்கொண்டே வாராவாரம் தேய்த்து அழிப்பேன். அழித்த இடத்தில் பக்கத்து நாணலை எடுத்து ஒட்டுவேன். அதில் எனக்கு நல்ல கை வந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, திரும்புகிற பஸ் வரத் தாமதமாயிற்று. என் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத உன் அப்பா, பொழுது போகாமல் கேமராவை வாங்கிப் பெரிதுபடுத்திப் பெரிதுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "இத அழிச்சிடாத, இது நம்ம பெரியவன்" என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உன் அண்ணன் வேலைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், ஒரே ஒரு தடவை போன் செய்து, "நல்லா இருக்கேன், என்னைத் தேடாதீங்க" என்று சொல்லி வைத்தவன். நாம் தேடாத இடமில்லை. என்ன குறை கண்டு போனான் என்று இன்றைக்கும் நமக்குத் தெரியாது. அன்றிலிருந்து இந்த மனிதர் அவனைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது பஸ் ஸ்டாப்பில் வைத்துத் திறக்கிறாரே என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். முகம் தெரியவில்லை. ஆனால் இடது தோள் இறங்கியிருந்தது, வலது கை முதுகுக்குப் பின்னால் போய் இடது முழங்கையைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்து இடது தோளில் காறை எலும்பை உடைத்துக்கொண்டானே, வலிக்காமல் இருக்க அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றான், எலும்பு கூடிய பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அந்த எக்ஸ்ரேவை எடுத்தவளே நான்தான். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்த இந்தக் கண், பெற்ற பிள்ளையின் தோளைப் பார்க்காமல் வாராவாரம் துடைத்துப் போட்டிருக்கிறது. சின்னவளே, என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு, எங்கள் இடத்துக்குப் போகாமல் நேராக அக்கரைக்குப் போனோம். அந்தப் பக்கம் போகும் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது, போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. பலகைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. புல் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மிதிபட்டுக் கிடந்தது. பம்ப் ஹவுஸ் காவலாளியிடம் விசாரித்தோம். மெலிந்த ஆள் ஒருவர் வாராவாரம் வருவார், தூண்டிலும் போடமாட்டார், பேச்சும் கொடுக்கமாட்டார் என்றார். பிறகு யோசித்து, "ஒரே ஒரு தடவ கேட்டாருங்க, இங்க நின்னா அக்கரையில எடுக்கிற படத்துல நான் விழுவேனான்னு. நல்லாவே விழுவீங்கன்னு சொன்னேன்" என்றார். நான் அந்த மிதிபட்ட புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கும் காலையில் வந்திருக்கிறான். எதிர்க்கரையில் யாரையும் காணாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போனானாம். அவனைப் பார்க்கப் போய் அவனைத் தொலைத்துவிட்டோம். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

இனி உன் வீட்டுச் சங்கதி. உன் ஹாலில் மாட்டச் சொல்லி நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பிய ஏரிப் படம் இருக்கிறதல்லவா, அது அவன் வந்து நிற்க ஆரம்பித்த புதிதில் எடுத்தது. எடுத்த படம் என்னிடம் இல்லை, அழித்த படத்தைத்தான் மறுபடி திறந்து பார்த்தேன். அப்போது எனக்குக் கை பழகவில்லை. கரையில் நின்றவனைச் சுத்தமாக எடுத்திருக்கிறேன், தண்ணீரில் விழுந்திருந்த அவன் நிழலை எடுக்க மறந்திருக்கிறேன். பலகைக்கு நேர் கீழே பார், கரையில் ஆளில்லை, தண்ணீரில் தலைகீழாக ஒருவன் நிற்கிறான், தோள் சரிந்து. எத்தனை பேர் பாராட்டிய படம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீயும் தினமும் அதைக் கடந்துதான் போய்வந்துகொண்டிருக்கிறாய்.

நாங்கள் இப்போதும் ஞாயிறு தவறாமல் பழைய இடத்துக்கே போகிறோம், மழை பெய்தாலும் போகிறோம். அக்கரையைப் பார்த்துப் படம் எடுக்கிறேன். யார் வந்து விழுந்தாலும் அழிப்பதில்லை, சைக்கிள்காரன், நாய், எல்லாம் அப்படியே இருக்கட்டும். உங்கள் படத்துக்கு என்ன ஆயிற்று, சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்று முக்காலி வருத்தப்படுகிறார். தெரிந்தவர்களைக் கண்டால்கூடத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் உன் அப்பா, தண்ணீர் ஓரத்தில் நின்று ஆளில்லாத கரையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறார், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவன் தூரத்தில் எங்கேயாவது மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அவர் கை ஓய்ந்தால் நான் என்ன செய்வேன் என்றும் பயமாக இருக்கிறது.

நீ இப்போது கிளம்பி வர வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் அவன் இன்னும் தள்ளிப் போவான். ஒருவேளை உனக்குப் போன் செய்தால், ஏன் போனாய் என்று கேட்காதே, எங்கே இருக்கிறாய் என்றும் கேட்காதே. சாப்பிட்டாயா என்று கேள். அம்மா எல்லாப் படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று சொல், அது பொய்யாக இருந்தாலும் சொல். நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து நீடூழி வாழ வேண்டும், குட்டி நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உங்களுக்கு உண்டு. அந்தப் படத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றிவிடாதே. குட்டி என்றைக்காவது அந்தத் தண்ணீரைக் காட்டி அது யார் என்று கேட்டால், மாமா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா