முங்கிக் கிடந்த கட்டை

மார்ச் 3, செவ்வாய்

குளத்தைச் சுத்தம் செய்து முடித்தேன். காலை 7.10க்கு இறங்கி மதியம் 1.25க்கு ஏறினேன். வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் குளம், பத்து எட்டில் சுற்றிவிடலாம். ஆனால் அள்ள அள்ள வருகிறது. மக்கிய இலை மட்டும் பதினாறு கூடை. கரையில் மண்டிக் கிடந்த செடிகொடி தனி. அடியில் பாசி பிடித்த கட்டை ஒன்று முங்கிக் கிடந்தது, இழுத்துப் போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. இப்போது தண்ணீர் கண்ணாடி. என் மனைவி வளர்க்கும் ஒன்பது ஆரஞ்சு மீன்களையும் நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். தன் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

"குளத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்று பஸ் ஏறும்போது சொன்னாள்தான். சும்மா சொல்லியிருப்பாள்.

மார்ச் 5, வியாழன்

எட்டு.

மார்ச் 6, வெள்ளி

ஆறு. நான் தப்பாக எண்ண மாட்டேன். பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். எந்த வண்டி உள்ளே, எந்த வண்டி வெளியே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

மார்ச் 7, சனி

திருடன் அகப்பட்டான். காலை 6.40, சாம்பல் நிற நாரை. மேலதிகாரி மாதிரி கரையில் நின்றது. செருப்பை விட்டெறிந்தேன். செருப்பு குளத்தில், நாரை மரத்தில், அதன் வாயில் ஒரு மீன். மிச்சம் ஐந்து.

இத்தனை வருஷமாக வராத நாரை இப்போது ஏன் — நான்தான். எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு, வா ராசா வந்து சாப்பிடுன்னு கூப்பிட்டது நான்தான்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

ஒரே நிமிஷத்தில் இரண்டு பொய். எப்போது வருகிறாய் என்றேன். "பார்க்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன? முட்டி ஆபரேஷன் செய்த அக்கா மாடிப்படியே ஏறுகிறாளாம். இரண்டு வாரம் என்று போனவள், இன்று இருபத்திரண்டாவது நாள்.

மார்ச் 8, ஞாயிறு

மீன் கடைக்குப் போனேன். அதே நிறம், அதே அளவு, நாலு வேண்டும் என்றேன். பழையவை என்ன ஆயின என்று கடைக்காரர் கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஒளிய இடமில்லாத குளத்துல விடறது நாரைக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்கற மாதிரி சார். எத்தனை வேணா தர்றேன், எனக்கென்ன?"

வெறும் கையோடு திரும்பினேன். வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. ரிட்டயர் ஆன மறுவாரமே அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டினேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டேன், எது எப்போது தீர்ந்தது என்று எழுத. முதலில் சிரித்தாள். பெட்டி கட்டிய அன்று சிரிக்கவில்லை. "எனக்குன்னு ஒரு மூலை இல்லீங்க இந்த வீட்டுல. எங்க திரும்பினாலும் நீங்க நிக்கிறீங்க." அதற்கு நான், "வீடு என்ன கடலா?" என்றேன். பெரிய பதில் சொல்லிவிட்ட நினைப்பு வேறு.

மார்ச் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து குடையும் கையுமாகக் காவல். நர்சரிக்கு ஓடிப்போய் மூன்று அல்லித் தொட்டி வாங்கி இறக்கினேன். பெரிய இலை, அடியில் ஒளியட்டும்.

மார்ச் 14, சனி

அல்லி அழுகிவிட்டது. நர்சரி அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"மரத்தடி இருட்டுல அல்லி எப்படி சார் வரும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்க என்னைப் பேசவிட்டீங்க?"

நிழலுக்கென்று அவர் எடுத்துக் கொடுத்தது: கரைக்குப் பெரணியும் சேம்பும், ஓரத் தண்ணீரில் நட வசம்பு, தண்ணீருக்குள் விடப் பாசிக்கொடி ஒரு வாளி. "நட்டுட்டு கையை எடுத்துடுங்க" என்றார். எல்லோருக்கும் என் கைமேல்தான் கண்.

மார்ச் 15, ஞாயிறு

நட்டாயிற்று. உடைந்த பூந்தொட்டிகளைப் படுக்கவைத்துக் குகை மாதிரி செய்தேன். கடைசியாக அந்தக் கட்டையை உருட்டிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே முக்கினேன். எடுக்கும்போது போன இடுப்பு, போடும்போது மறுபடி போயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

வேர் பிடித்ததா என்று ஒரு பெரணியைப் பிடுங்கிப் பார்த்தேன். பிடித்திருந்தது.

மார்ச் 19, வியாழன்

நாலு நாளாக ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். இலையும் நிழலும்தான். நாரை 6.35க்கு வந்து 7.20 வரை நின்றுவிட்டு வெறும் வாயோடு போயிற்று. மீன்கள் ஒளிந்திருக்கின்றன. அல்லது மீனே இல்லை. இரண்டுக்கும் கணக்கு சரியாக வருகிறதே! கட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கை பரபரக்கிறது. தூக்கினால் மறுபடி — வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 21, சனி

போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்பு எறிந்தது வரை. அவள் முதலில் கேட்டது:

"கட்டையையுமா எடுத்தீங்க?"

"திரும்பப் போட்டுட்டேன்."

"எத்தனை மிச்சம்?"

"தெரியல."

"உங்களுக்கா தெரியல?"

சிரித்தாளா அழுதாளா, புரிவதற்குள் வைத்துவிட்டாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

வெந்நீர் வைத்து டப்பா நம்பர்களைச் சுரண்டி எடுத்தேன். ஏழு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 26, வியாழன்

வந்துவிட்டாள். சொல்லாமல். நான் குளத்தங்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன், கடிகாரம் வீட்டுக்குள் இருந்தது. திரும்பினால் பின்கதவில் நிற்கிறாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"டைம் கீப்பரைத்தான் கேக்கணும்."

பக்கத்தில் வந்து குனிந்து செடிகளைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் உள்ள போங்க" என்றாள். போனேன். அடுக்களை ஜன்னலில் நின்றால் குளம் நன்றாகத் தெரியும். நான் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். முழங்கை வரை ஈரம், முகத்தில் சிரிப்பு. எத்தனை என்று நான் கேட்கவில்லை. வாசலில் வைத்திருந்த பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.