மணப்பெண் ஏறிய ஜீப்

ஐப்பசி, ஞாயிறு இரவு

சேற்றில் சிக்காமல் இருக்க, என் ஜீப்பில் பின்சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலை லாக் செய்திருக்கிறேன். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் சிதம்பரத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் டயர் கத்தும், சீக்கிரம் தேயும். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அதில் ஏறவே கூச்சம்.

இன்று அவள் தங்கைக்குக் கல்யாணம். பரங்கிப்பேட்டை அருகே மணப்பெண்ணின் கார் சேற்றில் புதைந்தது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றியது. கடலூர் சர்ச்சில் எல்லோரும் காத்திருந்தார்கள். பின்னால் வந்த என் ஜீப்பில் பெண்ணை ஏற்றினோம். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து உந்த, ஜீப் அதே சேற்றைக் கடந்தது.

சர்ச் வாசலில் திரும்பும்போது டயர் வீறிட்டது. கூட்டமே பார்த்தது.

"மாமா, பேண்டு செட்டே வேணாம் போங்க!" என்று மணப்பெண் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "லாக்கை எடுத்துடலாமா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"மழைக்காலம் போவட்டும்," என்றாள்.