போஸ்ட் ஆபீஸ் மூடியாச்சு

ஜூன் 4

சின்னுக் கண்ணுக்கு,

நாங்கள் சௌக்கியம். குடும்ப ஆலோசகர் படிப்பு என்றால் என்ன என்று எதிர்வீட்டு டெய்லர் கேட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்கிற படிப்பு என்றேன். சரிதானே?

உன் அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். கையை நீட்டிப் பேப்பர் படிக்கிறார், கை போதவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லு. குளியலறைக் குழாய் சொட்டுவதையும் சொல்லு. பக்கத்து அறையில்தான் இருக்கிறார். இருமல் கேட்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 15

அம்மாவுக்கு,

நேற்று என் முதல் அமர்வு. ஒரு கணவன், ஒரு மனைவி, நான். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்னால் எங்கள் பேராசிரியை. அவருக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு அவர் தெரியமாட்டார். மேசையில் போன். நான் தப்புச் செய்தால் அடிக்கும்.

"அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

நான் திரும்பினேன். "சீக்கிரம் வரச் சொல்றாங்க."

"வந்து என்ன செய்யணும்னு கேளுங்க."

கேட்டேன்.

போன் அடித்தது. பேராசிரியை. "அம்மா தாயே, அந்த போஸ்ட் ஆபீஸை மூடு. ரெண்டு பேரும் பக்கத்துலதான உக்காந்திருக்காங்க."

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. பள்ளிக்கூடம் சேரும் முன்பே எனக்கு இந்த உத்தியோகம். 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.' 'இதோ வரேன்னு சொல்லு.' சமையலறை, முன்னறை, மறுபடி சமையலறை. சண்டையே இல்லாத வீடு நம்முடையது. பேச்சும் இல்லை.

அடுத்த முறையும் தூது போனால் இந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். ஆகவே ராஜினாமா. கண்ணாடி, குழாய் இரண்டையும் நீயே சொல். இதை அப்பாவிடம் சொல்லிவிடு.

சின்னு

பி.கு. கடைசி வரியைப் பார். இப்போது உன்னைத் தூது அனுப்புகிறேன்.

ஜூன் 27

ராஜினாமா செய்த மகளுக்கு,

முதலில் கோபம்தான். பெற்றவளுக்கே பாடமா? பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். குழாய் விடவில்லை.

உன் அப்பா முன்னால் போய் நின்றேன். "என்னங்க."

எனக்குப் பின்னால் நீ நிற்கிறாயா என்று எட்டிப் பார்த்தார்.

"உங்களைத்தான்."

"என்னையா?"

"குழாய் சொட்டுது."

"தெரியும். நீ வந்து சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

என்ன மனுஷன்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும்.

அம்மா

ஜூலை 6

அம்மா,

அதே தம்பதி. மனைவி என்னைப் பார்த்து ஆரம்பித்தாள். என் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நாக்கு நமநமத்தது. வாயைத் திறக்கவில்லை. அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இல்லாம சாப்பாடு இறங்கல."

போன் அடிக்கவில்லை.

தேறிவிட்டேன்! மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அழைத்துப்போக யார் வருவீர்கள்?

சின்னு

ஜூலை 10

சின்னுவுக்கு,

ரொம்ப சந்தோஷம்டா. நான் வருகிறேன்.

(இது அப்பா.) நான் போகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி.

என் முழங்கால் உங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னதே இல்லையே!

மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறாய். புதுக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது.

அப்போ ஆட்டோவில் ரெண்டு பேரும் போவோம். சின்னு, நீயே அவரிடம் கொஞ்சம் சொல்...

போஸ்ட் ஆபீஸ் மூடியாச்சு. என்னிடமே சொல்லு.

தாளில் இடமில்லை. மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம். நீ மெதுவாக வா.

அம்மா, அப்பா