செல்வி சொல்ல மறுத்த முடிவு

என் மீனாளுக்கு,

உன் மகள் செல்வி இப்போது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். பெரியம்மா என்பது எப்போது நின்றது என்று சரியாக நினைவில்லை. போன வாரம் கீழச்சிவல்பட்டிக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேசும்போது உன்னைப் போலவே தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறாள். காபி கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

நம் கதை விஷயமாகத்தான் போனேன். 'கடல் அறை' நாலாம் பதிப்பு வரப்போகிறது. நம் கதை என்று எழுதிவிட்டேன், பார். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

கொத்தமங்கலத்தில், ரங்கூனுக்குப் போன செட்டியார் குடும்பம் பூட்டிவிட்டுப் போன வீட்டைப் பார்த்துக்கொண்டது உன் அப்பா. வெள்ளிக்கிழமைதோறும் ஜன்னல்களைத் திறந்து பெருக்க நீ போவாய். நான் பின்னாலேயே வருவேன். கொத்துச் சாவி இருந்தும் வீட்டின் இரண்டாம் கட்டில், உள்முற்றத்தை ஒட்டிய ஒரு அறைக்கு மட்டும் சாவி இல்லை. உள்ளே கடல் இருக்கிறது, கதவில் காதை வை என்றாய். வைத்தேன். கேட்டது. மூன்று வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே நாம் ஒரு துறைமுகமே நடத்தினோம். கப்பல்களுக்கெல்லாம் நீதான் பெயர் வைத்தாய். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், நீ கல்யாணமாகிப் போனாய். சிறுவர் பத்திரிகை ஒன்று என்னிடம் தொடர்கதை கேட்டபோது, எழுத என்னிடம் இருந்தது உன் கடல் ஒன்றுதான். உன்னைப் பவளம் என்ற சிறுமியாக்கினேன். உன்னிடம் கேட்கவில்லை. 'கப்பலையெல்லாம் களவாண்டுட்டியேடி' என்று நீ கார்டு போட்டிருந்தாய். சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பாய்.

அந்த வருஷம்தான் உனக்கு வயிற்றில் கட்டி. ஒன்பது வயது செல்வி வாராவாரம் உன் கட்டிலருகே உட்கார்ந்து கதையை உரக்க வாசித்துக் காட்டுவாள். நான் பார்க்க வந்த அன்று, அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"பவளத்தைக் கொன்னுப்புடாதடி. அது நான்தான்னு இவ நெனச்சுக்கிட்டிருக்கா. அது பொழைச்சா நானும் பொழைச்சிருவேனாம்."

"பைத்தியக்காரி. நான் எதுக்குடி கொல்லப்போறேன்?" என்றேன்.

கடைசி அத்தியாயம் அப்போது என் பையில் இருந்தது. அதில் பவளம் அந்த அறையைத் திறந்து கடலுக்குள் போகிறாள், திரும்பி வரவில்லை. இன்னும் தபாலில் சேர்த்திருக்கவில்லை. இரண்டு பக்கம் மாற்றி எழுதினால் போதும். பஸ்ஸில் அதை எடுத்துப் படித்தேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்திருந்தது அதுதான். காரைக்குடியில் இறங்கியதும் கண்ணில் பட்ட தபால்பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த இதழ் வந்து பத்து நாளில் நீ போய்விட்டாய். என்னைச் சபித்துக்கொண்டே போயிருப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன வாரம் செல்வி வேறொன்று சொன்னாள்.

அவள் முடிவை மாற்றி வாசித்திருக்கிறாள், மீனா. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை, வாய்க்கு வந்தபடி. பவளம் பிழைத்துவிட்டாள். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒங்க பெரியம்மா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா" என்றாயாம். செல்வியின் குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் கேள். அழுதேன். அழுது முடிப்பதற்குள் செல்வியிடம் கேட்டுவிட்டேன், 'பவளம் எப்படித் திரும்பி வந்தாள், நீ என்ன வாசித்தாய்' என்று. 'புதிய பதிப்பில் அந்த முடிவையே போட்டால் உன் அம்மாவுக்குச் செய்ததாகும்' என்றும் சொன்னேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மாகிட்டருந்து கடலை எடுத்துக்கிட்டீக. எங்கிட்டருந்து இதுவுமா? சொன்னா எழுதிப்புடுவீக டீச்சர். நல்லாவும் எழுதிப்புடுவீக."

பிறகு என் தம்ளரை எடுத்துக்கொண்டு, திருப்பத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னாள்.

ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. உன் வீட்டுக்குத் தபால் காலையில் வந்துவிடும். செல்வி பள்ளிக்கூடம் விட்டு வர நாலு மணியாகும். என்னளவுக்கு நீயும் படிக்கத் தெரிந்தவள். அதுவரை பத்திரிகையைப் பிரிக்காமலா வைத்திருந்தாய்? நான் சொல் காப்பாற்றினேன் என்று நம்பித்தான் சொன்னாயா, பிள்ளைக்காகச் சொன்னாயா? இரண்டில் எது எனக்குக் குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

மாற்றம் எதுவும் இல்லை என்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். பவளம் செத்தபடியே இருப்பாள், என் பெயருக்குக் கீழே. செல்வியிடம் இனிக் கேட்கமாட்டேன். அவள் என்ன வாசித்திருப்பாள் என்று நானாகக் கற்பனை செய்தும் பார்க்கமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். இந்தச் சொல்லையாவது காப்பாற்றுகிறேன்.

உன்னைவிட ஒரு வயது மூத்த,
கூடப்பிறக்காத அக்கா